இடது பக்கத்துக் குழாய்

திரையில் இரண்டு இதயங்கள் பக்கம் பக்கமாக நின்றன. ஊறவைத்த புளியங்கொட்டை மாதிரி இரண்டும் ஒரே வளைவு, ஒரே நிறம். ஏதோ காலேஜிலிருந்து வந்திருந்த பெண்கள் திரையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். கூண்டுகளை ஏற்றிய வண்டியைத் தள்ளிக்கொண்டு நான் அந்த வழியாகப் போனபோது சந்திரிகா மேடம் கையைக் காட்டி நிறுத்தினார்.

“துரை, நீங்க சொல்லுங்க. இதுல எது எலி, எது மனுஷக் குழந்தை?”

எனக்கு இந்த மாதிரி விளையாட்டெல்லாம் ஆகாது. நாலு பேர் முன்னால் ஒருவர் கேள்வி கேட்டால், அவருக்குப் பதில் தெரியும், நமக்குத் தெரியாது, அதற்காகத்தான் கேட்கிறார். இருந்தாலும் நின்றேன். கொஞ்சம் சின்னதாகத் தெரிந்ததைக் காட்டி, இதுதான் எலி என்றேன். எலிதானே சின்னது. பெண்கள் சிரித்துவிட்டார்கள். நான் காட்டியது மனுசக் குழந்தை.

“தப்பில்ல துரை. பெருசாக்கிக் காட்டும்போது அளவை நம்ப முடியாது. இந்தப் பருவத்துல பார்த்தா டாக்டருங்களே கொஞ்சம் யோசிப்பாங்க” என்றார் மேடம். பிறகு அந்தப் பெண்களிடம் பாடமாகச் சொல்ல ஆரம்பித்தார். எலியானாலும் மனுசனானாலும் இதயம் முதலில் ஒரே ஒரு குழாய்தானாம். அந்தக் குழாய் துடித்துக்கொண்டே வளைகிறது, தன்மேலேயே மடிகிறது, உள்ளே சுவர் எழும்பி நாலு அறை ஆகிறது. மனுசன் வாரக்கணக்கில் செய்வதை எலி சில நாளில் செய்துவிடுகிறது. போகிற வழி கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால்தான் எலியை வைத்து மனுசனைப் படிக்க முடிகிறது. “சில வித்தியாசமும் இருக்கு” என்று மேடம் ஒரு குச்சியால் தொட்டுக் காட்டினார். “இடது பக்கத்துல மேலேருந்து வருதே, இந்தக் குழாய். ரெண்டுக்குமே ஆரம்பத்துல இருக்கும். மனுஷங்களுக்கு அது பிறக்கறதுக்கு முன்னாடியே மறைஞ்சிடும். எலிக்குக் கடைசி வரைக்கும் இருக்கும்.”

நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன். ஆனால் அந்தக் குழாய் மட்டும் மனசில் நின்றுவிட்டது. இத்தனை வருசமாக எலியைத் தூக்குகிறேன், கூண்டு மாற்றுகிறேன், அதன் நெஞ்சுக்குள் நமக்கெல்லாம் இல்லாத ஒரு குழாய் இருப்பது எனக்குத் தெரியாது.

நான் வேலை பார்க்கிற ஆராய்ச்சிக்கூடம் வண்டலூருக்குப் பின்னால் இருக்கிறது. கீழ்க்கட்டளையில் எங்கள் தெருவில் இருக்கிறவர்களுக்கு வண்டலூர் என்றால் உயிரியல் பூங்கா மட்டும்தான் தெரியும். “இன்னாப்பா துரை, புலிக்குச் சோறு போட்டுட்டு வரியா?” என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். எலிக்குப் போடுகிறேன் என்றால் இன்னும் பத்துக் கேள்வி வரும். முன்பு பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் இருந்தேன். அது மூடியதும் இங்கே வந்தேன். அங்கே செத்த பிராணி, இங்கே உயிரோடு. மற்றபடி நாற்றத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

எலி ரூமுக்குள் போனால் தொப்பி, முகமூடி, கையுறை. கூண்டில் பழைய உமியைக் கொட்டிவிட்டுப் புது உமி போட வேண்டும். சினையாக இருக்கும் எலிக்கு ஒரு டிஷ்யூ பேப்பரையும் போட வேண்டும். போட்ட கையோடு அது ஓடி வந்து பேப்பரைக் காலால் பிடித்துக்கொண்டு, பல்லால் கடித்து நீள நீளமாகக் கிழிக்கும். எல்லாக் கூண்டிலும் ஒரே நேரத்தில் போட்டால் அந்த ரூம் முழுக்க சரசரவென்று ஒரு சத்தம் கேட்கும், தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி. கிழித்ததை ஒரு மூலையில் வட்டமாகக் குவித்து நடுவில் குழி செய்து உட்கார்ந்துகொள்ளும். அதில் சில எலிகளை மறுநாள் நானே எடுத்துப்போய் மேடத்தின் ஆட்களிடம் கொடுப்பேன். ஒரு பெட்டி, அதற்குள் ஒரு வாயு. வயிற்றில் இருக்கும் குட்டிகளின் இதயம்தான் அவர்களுக்கு வேண்டும். இதில் பாவ புண்ணியம் பேசிக்கொண்டிருந்தால் வேலை ஆகாது. நான் பேசுவதில்லை.

சிவப்பு அட்டை மாட்டிய கூண்டுகள் தனி. அந்த எலிகளுக்குப் பரம்பரையில் ஏதோ மாற்றி வைத்திருக்கிறார்கள். குட்டிகளில் சிலவற்றுக்கு இதயம் ஒழுங்காக அமையாது. பிறந்த எலிக்குட்டிக்குத் தோல் கண்ணாடி மாதிரி இருக்கும். பால் குடித்திருந்தால் வயிற்றில் வெள்ளைப் பொட்டு வெளியிலிருந்தே தெரியும். சிவப்பு அட்டைக் கூண்டில் காலையில் எல்லாமே ரோஸ் நிறத்தில் துள்ளிக்கொண்டிருக்கும். நன்றாக உற்றுப் பார்த்தால் ஒன்றிரண்டுக்குப் பொட்டு இருக்காது. மத்தியானம் போய்ப் பார்த்தால் அவை சாம்பல் நிறத்தில் கிடக்கும். மறுநாள் காலையில் அவையும் இருக்காது. தாயே தின்றுவிடும். இதை நான் வீட்டில் சொன்னதே இல்லை.

எனக்கு ஒரே மகள், ஜான்சி. கல்யாணமாகி ஆறேழு வருசம் ஒன்றும் தங்கவில்லை. ஊரில் இருக்கிற அத்தனை டாக்டர்களும் பார்த்தாயிற்று, வேளாங்கண்ணிக்கும் போய் வந்தாயிற்று. இப்போது ஐந்தாவது மாசம். மாப்பிள்ளை பிரிட்டோவுக்குக் குரோம்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. வீடும் அங்கேதான். அந்தச் சனிக்கிழமை ஸ்கேன் எடுத்துவிட்டு இரண்டு பேரும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பிரிட்டோவின் கையில் ஒரு கவர். உள்ளங்கை அகலத்தில் ஒரு கவுன், மஞ்சளில் வாத்து போட்டது.

என் பெண்சாதி கனகவல்லி அதைப் பார்த்ததும் கையை உதறினாள். “இன்னா மாப்ள இது? பொறக்கறதுக்கு முன்னாடி புதுத்துணி எடுப்பாங்களா? எடுத்துட்டுப் போங்க முதல்ல. கொழந்தைக்குப் பழைய வேட்டிதான் போடணும். இவரு வேட்டி ரெண்டு தொவச்சி வெச்சிருக்கேன், பஞ்சு மாதிரி கீது.”

“கடையில நான்தான் விக்கறேன் அத்த. எங்கிட்டயே வாங்கக் கூடாதா?” என்று பிரிட்டோ சொன்னான். வழக்கமாக அவன் இப்படி ஏதாவது சொன்னால் ஜான்சி சிரிப்பாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து துப்பட்டாவின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“ஸ்கேன்ல இன்னா சொன்னான்?” என்று கேட்டேன்.

அவள் பிரிட்டோவை ஒரு முறை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “பாப்பாவுக்கு இதயத்துகிட்ட இடது பக்கம் ஒரு குழாய் இருக்காம்ப்பா. இந்நேரம் மறைஞ்சி போயிருக்கணுமாம். போகல. பெரிய ஆஸ்பத்திரியில போயி இதயத்துக்குன்னு தனியா ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்றாங்க.”

கனகவல்லி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். எனக்கோ வாயெல்லாம் பல்லாகிவிட்டது. நான் எதற்கும் அப்படிச் சிரிக்கிற ஆள் இல்லை.

“அடச்சீ, இதுக்கா மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற? அந்தக் குழாய் எங்க எலி அத்தினிக்கும் கீதும்மா! மேடமே படம் போட்டுக் காட்டினாங்க. மனுசனுக்கு மறைஞ்சிடும், எலிக்குக் கடைசி மட்டும் இருக்கும். எங்க எலிங்க இன்னா செத்தா போச்சி? சொவுரு ஏறிப் போவுது. இத்த வெச்சி உன்னப் பயமுறுத்தறான் அந்த டாக்டரு.”

“நெஜமாவாப்பா?”

“நான் இன்னாத்துக்குப் பொய் சொல்றேன்?”

அவள் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கியது. தலையிலிருந்து தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தவளுக்கு முகம் எப்படி இருக்குமோ அப்படி. “அப்ப எம்புள்ள எலிக்குட்டியா?” என்று கேட்டு அவளே சிரித்தாள். கனகவல்லியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்பன் வூட்டு வழி, எலியா இல்லாம புலியாவா வரும்” என்றாள். அதன் பிறகு அந்த வீட்டில் அதற்குப் பெயரே எலிக்குட்டி என்று ஆகிவிட்டது. எலிக்குட்டிக்கு மீன் குழம்பு பிடிக்குமா, எலிக்குட்டி உதைக்குதா. பிரிட்டோ மட்டும் செருப்பைத் தேடுகிறவன் போல வாசலுக்குப் போய் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். கவுன் போச்சே என்று வருத்தம் போல என்று நினைத்தேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். என் அண்ணன் கண்ணில் புரை என்று ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய் ஒற்றைக் கண்ணோடு திரும்பி வந்தவன். ஒரு ஸ்கேன் எடுத்தால் அது இன்னொரு ஸ்கேனைக் குட்டி போடும். அவர்கள் சொல்வது எதுவும் எனக்குப் புரியாது. புரியாத மாதிரிதான் சொல்வார்கள். ஜான்சி சரிப்பா என்றாள். அவள் எதற்கும் அவ்வளவு சீக்கிரம் சரி சொல்கிறவள் இல்லை. அப்போதே எனக்கு அது உறைத்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை போனதும் மேடத்திடம் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். நீங்கள் அன்றைக்குக் காட்டினீர்களே அந்தக் குழாய், அது என் பேரப்பிள்ளைக்கு இருக்கிறதாம், டாக்டர் பயமுறுத்தினான், நான் எலிக் கணக்குச் சொல்லி அடக்கிவிட்டேன் என்றேன். மேடம் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். கையிலிருந்த பேனாவை மேசைமேல் வைத்தார்.

“குழாய் மட்டும்தான் சொன்னாங்களா துரை? வேற எதுவும் சொல்லலையா?”

“அவ்ளோதான் மேடம்.”

“அந்தக் குழாய் தனியா இருந்தா ஒண்ணுமே இல்ல. நீங்க சொன்னது சரிதான். எத்தனையோ பேர் அதோட நல்லா வாழறாங்க. ஆனா சில சமயம் அது கூட வேற ஏதாவது இருக்கும். அதுக்குத்தான் இதய ஸ்கேன் எடுக்கச் சொல்வாங்க. வேற எதுவும் சொல்லலன்னு நிச்சயமாத் தெரியுமா?”

தெரியும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாசலில் நின்றுகொண்டிருந்த பிரிட்டோவின் முதுகு ஞாபகம் வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் குரோம்பேட்டையில் இறங்கினேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஜனம் நெரிந்தது. ஜவுளிக்கடைக்குள் பிரிட்டோ ஒரு அம்மாவுக்குத் துண்டு விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் துண்டை மடிக்க ஆரம்பித்தான். வாங்க வந்த அம்மா இன்னும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மடித்தான். கடைக்குப் பின்னால், அட்டைப் பெட்டிகள் குவித்திருந்த சந்துக்குள் என்னைக் கூட்டிப் போனான்.

“டாக்டரு வேற இன்னா சொன்னாரு?”

கையோடு எடுத்து வந்திருந்த துண்டை அவன் மறுபடியும் மடித்தான்.

“மாப்ள, ஒன்னத்தான் கேக்கறேன்.”

“வயித்துல இருக்கற புள்ள மேல சத்தியம் வாங்கிகிட்டா மாமா. உங்க ரெண்டு பேருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு.”

“புள்ள மேல சத்தியத்த நான் வாங்கிக்கறேன். சொல்லு.”

அவன் ஒரு அட்டைப் பெட்டியின் மூலையைப் பிய்த்தான். “இடது பக்கம் வளரலையாம் மாமா. குழாயி சும்மா. அது கூட இருக்கறதுதான் பெருசாம். இதயத்துல இடது பக்க அறையே வளரலையாம். ஒரு கோடு மாதிரிதான் கீதாம். சினிமா மாதிரி டிவியில காட்டினாரு. இந்தப் பக்கம் தொறந்து மூடுது, தொறந்து மூடுது. அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல.” இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றை விரித்து விரித்து மூடினான். மற்றது அப்படியே இருந்தது. “அந்தப் பெரிய ஸ்கேனு நேத்தே எடுத்தாச்சி மாமா. ஞாயித்துக்கெழமன்னு பாக்காம அந்த டாக்டரம்மா வந்து பாத்தாங்க. அவங்களும் அதேதான் சொன்னாங்க.”

சிவப்பு அட்டை என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. வேறு எதுவும் தோன்றவில்லை. சந்துக்கு வெளியே ஒரு பஸ் ஆரன் அடித்துக்கொண்டே இருந்தது.

“வெச்சிக்கறதா, எடுத்துடறதான்னு இந்த வாரத்துக்குள்ள சொல்லணும். நாளு தள்ளிப் போனா சட்டம் ஒத்துக்காதாம், அப்பறம் பெரிய டாக்டருங்க கூடிப் பேசித்தான் ஆவணுமாம். அவ ஒண்ணியும் சொல்ல மாட்டேங்கறா மாமா. கேட்டா, எங்கப்பா ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாருங்கறா. நான் இன்னா சொல்லட்டும்?” அவன் அழுதுவிட்டான். கடைச் சட்டையின் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கூப்பிடுகிறார்கள் என்று உள்ளே போனான். யாரும் கூப்பிடவில்லை.

மறுநாள் எலி ரூமுக்குப் போகும் முன்பே மேடத்தின் அறைக்குப் போனேன். பிரிட்டோ சொன்னதை அப்படியே சொன்னேன். மேடம் எழுந்து கதவைச் சாத்தினார். எனக்கு நாற்காலி காட்டினார். அந்த அறையில் நான் அதற்கு முன் உட்கார்ந்ததில்லை.

“பொறந்தா இன்னா ஆவும் மேடம்? சுத்தி வளைக்காம சொல்லுங்க.”

“பிறக்கும்போது நல்லாத்தான் இருக்கும் துரை. அழும். கை காலை உதைக்கும். அம்மா வயித்துல இருக்கிற வரைக்கும் இதயத்துக்கு வெளிய ஒரு குறுக்குவழி திறந்திருக்கும். ரத்தம் அது வழியா உடம்புக்குப் போயிடும், அதனால இடது பக்கம் இல்லாத குறை தெரியாது. பிறந்த பிறகு அந்த வழி தானா மூடிக்கும். எல்லாக் குழந்தைக்கும் மூடும், மூடத்தான் வேணும். இந்தக் குழந்தைக்கு அது மூடினா…” என்று நிறுத்தினார். “ஆபரேஷன் இருக்கு. ஒண்ணு இல்ல, அடுத்தடுத்து பண்ணணும். பொழைச்ச குழந்தைங்களும் இருக்காங்க. பொழைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். பொழைக்காதுன்னும் சொல்ல மாட்டேன். அதை அந்த டாக்டர்தான் சொல்லணும்.”

“எலிக்கும் அந்த வழி மூடுமா?”

“மூடும். பிறந்த அன்னைக்கே.”

காலையில் ரோஸ், மத்தியானம் சாம்பல். நான் இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கதவு சாத்திக்கொள்வதைத்தான். மேடம் அதைச் சொல்லவில்லை. நான் சிவப்பு அட்டைக் கூண்டைப் பார்க்கிறவன் என்பது அவருக்குத் தெரியும். அதனால் சொல்லவில்லை.

மேசைமேல் கம்ப்யூட்டரில் அன்றைக்குப் பார்த்த அதே இரண்டு இதயங்கள் அப்படியே இருந்தன. இந்த முறை எனக்கு அடையாளம் தெரிந்தது. எதில் இடது பக்கத்துக் குழாய் மங்கிக்கொண்டிருந்ததோ அதுதான் மனுசன்.

“இந்த மனுசக் கொழந்த யாருது மேடம்?”

“தெரியாது துரை. பேர் வராது. யாரோ ஒரு அம்மா, கலைக்க வேண்டி வந்தப்ப, படிக்கிறதுக்கு எடுத்துக்கோங்கன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தது. இந்த ஊரு கூட இல்ல.”

யாரோ ஒரு அம்மா. அவளுக்கும் ஒரு அப்பன் இருந்திருப்பான். அவள் பெற்றிருக்க வேண்டியதைத்தான் நான் எலி என்று கைகாட்டி, நாலு பெண்கள் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அந்த எண்ணம் வந்ததும் இன்னொன்றும் வந்தது. இந்தப் பருவத்து மனுச இதயம் கிடைப்பது கஷ்டம் என்று இவர்கள் அடிக்கடி பேசிக்கொள்வது என் காதில் விழுந்திருக்கிறது. இடது பக்கம் வளராத இதயம் என்றால் இன்னும் கஷ்டமாக இருக்கும். இப்போது கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டால் என்ன சொல்லித் திட்டுவது என்று வார்த்தைகளை வாய்க்குள் சேர்த்து வைத்திருந்தேன். மேடம் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “வீட்டுக்குப் போங்க துரை. இன்னைக்கு வேற யாரையாவது பார்த்துக்கச் சொல்றேன்” என்றார். கேட்டிருந்தால் திட்டிவிட்டு வந்திருக்கலாம். நம்புவதற்கு ஆள் கிடைத்தால் அதுவும் ஒரு தொல்லை.

நான் வீட்டுக்குப் போகவில்லை. எலி ரூமுக்குப் போய் எல்லாக் கூண்டுக்கும் உமி மாற்றினேன். சிவப்பு அட்டைக் கூண்டு ஒன்றில் சினை எலி ஒன்று இருந்தது. பேப்பரைப் போட்டேன். உடனே கிழிக்க ஆரம்பித்தது.

சாயங்காலம் நான் போனபோது ஜான்சி எங்கள் வீட்டில் இருந்தாள். பிரிட்டோ என்னிடம் சொல்லிவிட்டது அவளுக்குத் தெரியும் என்பது அவள் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. கனகவல்லி சமையல்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். முன்னறையில் பாய் விரித்து, துவைத்து மடித்த என்னுடைய பழைய வேட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு ஜான்சி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கத்தரிக்கோல். நான் சட்டையைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தேன்.

“எங்கிட்ட இன்னாத்துக்கு மறைச்ச?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“மறைக்கலப்பா. பாதி சொன்னேன்.” அவளும் மெதுவாகத்தான் பேசினாள். “நீ எதையாவது நல்லா கீதுன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. கல்யாணத்துக்கு மாப்ள பாத்தப்பகூட, பாக்கலாம்னுதான் சொன்ன. நீ வாயத் தொறந்து ஒண்ணுமில்லன்னு சொல்லிக் கேக்கணும் போல இருந்திச்சி. முழுசா சொன்னா நீ சொல்ல மாட்ட. குழாய மட்டும் சொன்னா சொல்லுவன்னு தெரியும். அந்தப் படத்த பத்தி நீ அம்மாகிட்ட சொன்னத, அம்மா போன்ல எங்கிட்ட சொல்லிச்சே.” வேட்டியின் கரையை விரலால் நீவினாள். “நீ சொன்னப்ப கொஞ்ச நேரம் நெஜமாவே ஒண்ணுமில்லாத மாதிரி இருந்திச்சிப்பா. ராத்திரி நல்லா தூங்கினேன்.”

என் வாயை நானே அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

“அம்மாவுக்குத் தெரியாது. சொல்லிடாத.”

“டாக்டருக்கு இன்னா சொல்லப் போற?”

“உன் எலிங்களக் கேட்டுச் சொல்லேன்.” உதட்டைக் கோணிக்கொண்டு சொன்னாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். வயிற்றின்மேல் வேட்டி இருந்தது. அது ஒரு இடத்தில் லேசாக எழும்பி இறங்கியது. அவள் அங்கே கையை வைத்தாள். “தெரியலப்பா. உதைக்காம இருந்தா சொல்லிடுவேன். உதைக்குது.”

வெளியே யாரோ பைக்கை உதைத்துக் கிளப்பினார்கள். சமையல்கட்டில் தண்ணீர் விழுகிற சத்தம்.

“அப்பா.”

“சொல்லு.”

“குட்டி தங்காதுன்னா எலிக்கு முன்னாடியே தெரியுமா?”

அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பொட்டு இல்லாத குட்டிகள் கண்முன் வந்தன. மறுநாள் காலையில் காலியாகக் கிடக்கும் மூலையும் வந்தது. அதை அவளுக்குச் சொல்ல முடியாது. ஒண்ணுமில்லை என்று இன்னொரு தடவையும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவில் சொல்வதற்கு என்னிடம் ஒன்றுதான் இருந்தது.

“தெரியாதும்மா. பேப்பரப் போட்டா எல்லாம் ஒரே மாதிரிதான் கிழிக்கும். கூடு கட்டிட்டு உக்காந்துகினு இருக்கும்.”

அவள் கத்தரிக்கோலை எடுத்து வேட்டியின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டாள். ஒரு முனையை என் பக்கம் நீட்டினாள்.

“இந்தப் பக்கம் புடிப்பா.”

பிடித்தேன். அவள் அந்தப் பக்கம் இழுத்தாள். கரை முதலில் விடவில்லை. பிறகு நூல் ஒவ்வொன்றாக அறுந்து, பழைய துணி சரசரவென்று எங்கள் இருவருக்கும் நடுவில் நீளமாகக் கிழிந்துகொண்டு வந்தது. ஜன்னல் வெயிலில் பஞ்சுத் தூசி பறந்தது. அவள் கிழிந்ததை நாலாக மடித்துப் பாயின் மூலையில் வைத்தாள். அடுத்த வெட்டைப் போட்டு முனையை நீட்டினாள்.

சத்தம் கேட்டு கனகவல்லி சமையல்கட்டிலிருந்து குரல் கொடுத்தாள். “ஏ ஜான்சி, சின்னச் சின்னதா கிழிச்சி வெக்காத. பெருசாவே கிழி. ஒரு மாசத்துல பத்தாமப் பூடும்.”

ஜான்சி கத்தரிக்கோலை எடுத்து, போட்ட வெட்டை விட்டுவிட்டு, ஒரு கை அகலம் தள்ளி வேறு வெட்டுப் போட்டாள். நான் முனையைப் பிடித்துக்கொண்டேன்.